கடாரம் கொண்டவன் கப்பல் ஏன் கைக்கு வரவில்லை?

பெட்டிக்குள் என்ன? – வாசகர் கேள்விகளுக்கு பிரௌசிங் சென்டர் அக்காவின் பதில்கள்

போன இதழில் பிரிண்டர் மை பற்றி எழுதப்போய் வந்து குவிந்த கடிதங்களை இந்தத் தடவை ஓரங்கட்டிவிட்டேன். நாகப்பட்டினத்துத் தம்பி ஒருவரின் நீளமான மெயில்தான் காரணம். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால், பழைய கட்டுக்குள்ளேயே அதே ரகக் கேள்விகள் இன்னும் சில கிடந்தன. எல்லாம் போர் ஆட்டங்களின் சினாரியோ எடிட்டர் சமாச்சாரம். மலை எங்கே, ஆறு எங்கே, யார் படை எங்கே நிற்கும், யார் செத்தால் யார் ஜெயிப்பார் என்று நாமே அடுக்கி வைக்கிற இடம் அது. பாளையங்கோட்டையில் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தபோது, மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, ஆட்டத்தை ஆடாமல் இதை மட்டும் செய்துவிட்டுப் போன பையன்கள் உண்டு. கேம் பிடிக்காதவர்கள் நேரே நாலாவது கேள்விக்குப் போங்கள்; அது மவுஸ் ரிப்பேர்.

கேள்வி: அக்கா, எங்கள் கல்லூரித் தமிழ் மன்ற விழாவுக்காக, ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை ஒரு பழைய போர் ஆட்டத்தின் எடிட்டரில் செய்துகொண்டிருக்கிறேன். அறுபது கப்பல் வைத்தாயிற்று. இப்போது ஒரு கப்பலை கிளிக் செய்தால் அது தேர்வாகாமல் பக்கத்துக் கப்பல் தேர்வாகிறது. சில இடத்தில் பரவாயில்லை, சில இடத்தில் ரொம்ப மோசம். தப்பான ஆளை டெலீட் செய்ததிலிருந்து, எதிரி அரசனை வீழ்த்தினாலும் வெற்றி என்று வரமாட்டேன் என்கிறது. விளையாடும்போது மவுஸ் ஒழுங்காக இருக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் எடிட்டரும் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆட்டத்தை அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் செய்தும் பலனில்லை.
– கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

பதில்: தம்பி, "பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக இருந்தது", "சில இடத்தில் பரவாயில்லை, சில இடத்தில் மோசம்". இந்த இரண்டு வரியைப் படித்ததும்தான் உங்களுக்கு போன் போட்டேன். கோளாறு ஆட்டத்தில் இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்ப வேண்டும். இடத்துக்கு இடம் தப்பு கூடிக் குறைகிறது என்றால் அங்கே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அன்று போனில் நாம் செய்ததை மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் கப்பல்களை மறக்கச் சொன்னேன். புதிதாக ஒரு காலி மேப், வெறும் புல்தரை, ஐந்து ஈட்டிக்காரர்கள். மேல் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கமாக வரிசையாக வைக்கச் சொன்னேன். வைக்கும்போதே குட்டு வெளிப்பட்டுவிட்டது. அம்பு ஓர் இடத்தைக் காட்டுகிறது, ஆள் அதற்கு இடப்பக்கம் தள்ளி விழுகிறான். கப்பல்களை எல்லாம் பழைய கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு ஃபைலை மட்டும் புது லேப்டாப்புக்குக் கொண்டுவந்ததால், வைக்கும்போது நடக்கிற இந்தக் கூத்து அவர் கண்ணில் அதிகம் படவில்லை.

எத்தனை தள்ளி விழுகிறான் என்று கேட்டேன். "கொஞ்சம்" என்றார். கொஞ்சம் என்பது அளவில்லை, ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கிற ஸ்கேலை எடுங்கள் என்றேன். சிரித்தார், ஆனால் எடுத்தார். திரையின் இடது ஓரத்திலிருந்து 10 சென்டிமீட்டரில் அம்பை வைத்து கிளிக் செய்தால், ஆள் 8 சென்டிமீட்டரில் விழுந்தான். 20ல் வைத்தால் 16. 30ல் வைத்தால் 24. மூன்றாவது அளவைச் சொல்லும்போதே தம்பியின் குரல் மாறிவிட்டது. மேலிருந்து கீழே அளந்தாலும் அதே விகிதம். இடது மேல் மூலையை ஒட்டித் தப்பு ஏறக்குறையப் பூஜ்யம். விலக விலக வளர்கிறது. வலது ஓரத்தில் ஏழு சென்டிமீட்டர் அகலத்துக்கு எதையுமே தொட முடியவில்லை. அம்பு அங்கே போகிறது, எடிட்டர் அதை நம்பவில்லை.

பத்துக்கு எட்டு என்றால் 1.25. புது லேப்டாப்பில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து ஸ்கேல் எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். 125 சதவீதம், பக்கத்திலேயே 'ரெக்கமண்டட்' என்று நற்சான்றிதழ் வேறு.

நடப்பது இதுதான். உங்கள் திரையில் நிஜமாக 1920க்கு 1080 புள்ளிகள் இருக்கின்றன. சின்ன லேப்டாப்பில் அத்தனை புள்ளி இருந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும். அதனால் விண்டோஸ் எல்லாவற்றையும் 125 சதவீதமாகப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பெரிதாக்குகிற சங்கதி தெரிந்த புது புரோகிராம்களுக்கு இதில் சிக்கலில்லை. இருபது வருஷத்துக்கு முந்தைய புரோகிராமுக்கு இதெல்லாம் தெரியாது. அது குழம்பக்கூடாது என்று விண்டோஸ் அதனிடம் மட்டும் ஒரு பொய் சொல்கிறது: "திரை 1536க்கு 864தான்" என்று. 1920ஐயும் 1080ஐயும் 1.25ஆல் வகுத்துப் பாருங்கள், அதுதான் வரும். அம்பு 1000மாவது புள்ளியில் இருந்தாலும் 800 என்றுதான் சொல்லும். படத்தையும் அம்பையும் சேர்த்து ஒரே பொய்க் கணக்கில் நடத்தினால் வெளியே தெரியாது. படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே எடிட்டரில் மேப்பை வரைகிற பகுதி நிஜக் கணக்கில் வரைகிறது. அம்பு எங்கே என்று விசாரிக்கிற பகுதி பொய்க் கணக்கை வாங்கிக்கொண்டு வருகிறது. ஆட்டம் மவுஸை வேறு வழியில் விசாரிக்கிறது போல, அதனால் விளையாடும்போது தொல்லை இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பஞ்சாங்கம் பார்க்கிற கதை.

மருந்து: எடிட்டரின் ஐகானில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், காம்பாட்டிபிலிட்டி. அங்கே கீழே 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று ஒரு பட்டன். அதற்குள் 'ஓவர்ரைடு' என்று தொடங்குகிற கட்டத்தில் டிக் அடித்து, கீழே உள்ள பட்டியலில் 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். "இந்த புரோகிராமிடம் பொய் சொல்லாதே" என்பதற்கு விண்டோஸ் பாஷை அது. அது பலிக்காவிட்டால், வேலை முடிகிறவரை டிஸ்ப்ளே ஸ்கேலையே 100க்கு இறக்கிவிடுங்கள். எழுத்து எறும்பாகும், கப்பல் கைக்கு வரும். நாகப்பட்டினத்தில் முதல் மருந்திலேயே வந்துவிட்டது.

இனி அந்த வராத வெற்றி. இந்த மாதிரி எடிட்டர்களில் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் உள்ளே ஓர் எண் விழுகிறது, ரேஷன் கார்டு எண் மாதிரி. "ஸ்ரீவிஜய அரசன் வீழ்ந்தால் சோழருக்கு வெற்றி" என்று ட்ரிகர் (இது நடந்தால் அதைச் செய் என்கிற விதி) எழுதும்போது, அரசன் மேல் கிளிக் செய்து காட்டினீர்கள் அல்லவா? ட்ரிகர் எழுதி வைத்துக்கொண்டது அவர் முகத்தையோ நின்ற இடத்தையோ அல்ல, அந்த எண்ணை. அவர் எண் 47 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நின்ற காவலாளியை அழிப்பதாக நினைத்து நீங்கள் 47ஐ அழித்துவிட்டீர்கள். பதறிப்போய் அதே இடத்தில், அதே உருவத்தில், அதே பெயரில் இன்னொரு அரசனை வைத்தீர்கள். அவர் எண் 212. நீங்கள் 212ஐ வீழ்த்துகிறீர்கள். ட்ரிகர் 47 எப்போது விழுவான் என்று உட்கார்ந்திருக்கிறது. ட்ரிகரைத் திறந்து, அரசனை மறுபடி ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். கப்பல்களைத் தேடித் தேடி அழித்த நாட்களில் வேறு யார் யார் போனார்கள் என்று தெரியாது. அதனால் ஒரு ஆளைச் சுட்டுகிற ட்ரிகர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அந்த அரசன் பெயர் சங்கிராம விஜயோத்துங்கவர்மன். ராஜேந்திரன் மெய்க்கீர்த்தி அவனைக் கொன்றதாகச் சொல்லவில்லை. அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தி, யானையோடு சேர்த்துப் பிடித்ததாகத்தான் சொல்கிறது. 1025ல் நடந்தது. உங்கள் ட்ரிகரில் 'செத்தால்' என்பதை 'பிடிபட்டால்' என்று மாற்ற வழி இருக்கிறதா பாருங்கள், தமிழ் மன்றத்தில் யாராவது வாத்தியார் கேட்டே தீருவார். கப்பல் எண்ணிக்கை பற்றிக் கவலை வேண்டாம். 'பல கலம்' என்று மட்டும்தான் இருக்கிறது. அறுபதோ அறுநூறோ உங்கள் இஷ்டம்.

கேள்வி: பேரன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தின் பழைய பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். தக்கோலப் போரை அமைத்துப் பார்க்கிறேன். நூறு குதிரை வீரர்களை வைத்து, ஆட்டத்தைத் தொடங்கி, மவுஸால் அவர்களைச் சுற்றிப் பெட்டி இழுத்தால் நாற்பது பேர்தான் தேர்வாகிறார்கள். மீதி அறுபது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இது கோளாறா, என் கை நடுக்கமா?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கை மேல் பழி போடாதீர்கள் ஐயா. 1999ல் வந்த அந்தப் பதிப்பின் சட்டமே அதுதான்: ஒரே நேரத்தில் நாற்பது பேர். 2019ல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் அது அறுபது.

வரலாற்று ஆசிரியர் என்பதால் இதன் வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 1992ல் வந்த ட்யூன் 2 என்ற போர் ஆட்டத்தில் ஒரு நேரத்தில் ஒருவனைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இருபது டாங்கி என்றால் இருபது தடவை கிளிக், இருபது தடவை உத்தரவு. 1994ல் வந்த வார்கிராஃப்ட்டில் பேட்ரிக் வயட் என்ற புரோகிராமர், படம் வரைகிற மென்பொருள்களில் பெட்டி இழுத்துப் பல உருவங்களைப் பிடிப்பதைப் பார்த்து, அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் அவர் எழுதியபோது எத்தனை பேரை வேண்டுமானாலும் பிடிக்கலாம். பிறகு குழுவுக்குள் வாக்குவாதம் நடந்து, நாலு பேர் போதும் என்று முடிவு செய்தார்கள். கும்பலாக அள்ளி எறிந்துவிட்டுப் போகாமல், ஆடுகிறவர் யாரை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கட்டும் என்பது எண்ணம். 1995ல் வார்கிராஃப்ட் 2ல் ஒன்பது ஆயிற்று. 1998ல் ஸ்டார்கிராஃப்ட்டில் பன்னிரண்டு. அந்தக் கணக்கில் பார்த்தால் உங்களுக்கு நாற்பது கொடுத்தவர்கள் தாராள மனசுக்காரர்கள்.

நூறு பேரையும் நடத்த வழி: நாற்பது பேரைப் பெட்டியில் பிடித்து, கன்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்துங்கள். அடுத்த நாற்பதுக்கு 2. மீதி இருபதுக்கு 3. பிறகு வெறும் 1ஐத் தட்டினால் முதல் அணி கைக்கு வரும். இடம், வலம், நடு என்று மூன்று அணியாகப் பிரித்து நடத்துவதுதான் உங்களுக்கும் பொருத்தமாக இருக்கும், வாத்தியார் வகுப்பைப் பிரிக்கிற மாதிரி.

தக்கோலத்தின் சோழ இளவரசர் ராஜாதித்தரை எதன் மேல் ஏற்றினீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. யானை மேல் இருந்தபடியே வீழ்ந்தவர் அல்லவா? பழைய பதிப்பில் போர் யானை பாரசீகரிடம் மட்டும்தான் உண்டு, ஆகவே அவர் பாரசீக யானை மேல்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பேரனிடம் புதுப் பதிப்பு கேளுங்கள். அதற்கு 2022ல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்றொரு சேர்க்கை வந்தது. அதில் திராவிடர் என்றே ஒரு தரப்பு, உருமி சுழற்றுகிற வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திரன் பெயரில் ஒரு கதைத்தொடர் எல்லாம் உண்டு.

கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஒரு சிறிய போர் ஆட்டமும் அதற்கு எடிட்டரும் நானே எழுதுகிறேன். தரை சாய்சதுரக் கட்டங்களாகத் தெரியும் வகை, ஒரு கட்டம் 96க்கு 48 புள்ளி. பெட்டி இழுத்துத் தேர்வு செய்யும் பகுதியில் பிழை. சில சமயம் எல்லாரும் தேர்வாகிறார்கள், சில சமயம் ஒருவரும் இல்லை, சில சமயம் பெட்டிக்குள் நிற்பவரை விட்டுவிடுகிறது. புரோகிராம் கோடை இணைத்திருக்கிறேன்.
– பொறியியல் மாணவி, கோவை

பதில்: "சில சமயம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றேன். கம்ப்யூட்டருக்கு மூடு கிடையாது. எந்தச் சமயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் கோடில் இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன, அதனால்தான் தலை சுற்றுகிறது.

முதலாவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. காரணம் என் கெட்டிக்காரத்தனம் அல்ல, என் சென்டருக்கு வந்த ஓர் எட்டாம் வகுப்புப் பையன். இடது கைக்காரன். யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்த ஓர் ஆட்டத்தில் தன் ஆட்கள் தேர்வாகவே இல்லை என்று தினமும் சண்டை. பக்கத்து சீட்டுப் பையன் அதே மெஷினில் உட்கார்ந்தால் தேர்வாகும். மவுஸை மாற்றினேன், கீபோர்டை மாற்றினேன், கடைசியில் அவன் பின்னால் நின்று கையைப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாம் பெட்டியை இடது மேலிருந்து வலது கீழாக இழுக்கிறார்கள். இவன் வலது கீழிருந்து இடது மேலாக இழுக்கிறான். எழுதியவர் ஒருநாளும் அப்படி இழுத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

உங்கள் கோடும் அதேதான். மவுஸ் அழுத்திய இடத்தைத் தொடக்கம் என்றும் விட்ட இடத்தை முடிவு என்றும் எடுத்துக்கொண்டு, "ஆள் நிற்கும் இடம் தொடக்கத்தைவிடப் பெரியதாகவும் முடிவைவிடச் சிறியதாகவும் இருக்கிறதா" என்று கேட்கிறீர்கள். 310ல் தொடங்கி 620ல் முடித்தால், 450ல் நிற்பவன் சிக்குவான். 620ல் தொடங்கி 310ல் முடித்தால்? 620ஐவிடப் பெரியதாகவும் 310ஐவிடச் சிறியதாகவும் ஓர் எண்ணைக் காட்டுங்கள் பார்ப்போம். சோதிக்கும் முன் இரண்டில் சிறியதை இடது என்றும் பெரியதை வலது என்றும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேல், கீழுக்கும் அப்படியே. இரண்டு வரி வேலை.

இரண்டாவதுதான் சுவாரஸ்யம். கோலத்தில் நேர்ப்புள்ளி, இடுக்குப்புள்ளி என்று இரண்டு உண்டல்லவா? உங்கள் திரை நேர்ப்புள்ளி. உங்கள் தரை, கட்டங்கள் சாய்வாக ஓடுவதால் இடுக்குப்புள்ளி. நீங்கள் பெட்டியின் இடது மேல் மூலையையும் வலது கீழ் மூலையையும் மட்டும் கட்ட எண்ணாக மாற்றி, "இந்த வரிசை எண்ணிலிருந்து அந்த வரிசை எண் வரை" என்று அள்ளுகிறீர்கள். 480 அகலம், 240 உயரத்துக்கு ஒரு பெட்டி இழுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இடது மேல் மூலை (0, 0) கட்டம் என்றால் வலது கீழ் மூலை (10, 0) கட்டம். இரண்டாவது எண் இரண்டிலுமே பூஜ்யம்! அதாவது அவ்வளவு பெரிய பெட்டிக்குள் உங்கள் கோடு பார்ப்பது மூலைக்கு மூலை ஓடுகிற ஒரே ஒரு வரிசையை. மற்ற இரண்டு மூலைகளில் நிற்கிற படை முழுக்க அம்போ.

பெட்டியைத் தரைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஆட்களைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வோர் ஆளும் திரையில் எந்தப் புள்ளியில் தெரிகிறான் என்று கணக்கிட்டு, அந்தப் புள்ளி பெட்டிக்குள் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். வரையும்போது அந்தக் கணக்கை எப்படியும் போடுகிறீர்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். மேட்டு நிலம் வைத்திருந்தால் இந்த வழியில் அதுவும் தானாகவே சரியாகிவிடும், உயரத்தையும் சேர்த்துத்தானே வரைகிறீர்கள்.

செய்து முடித்ததும், பெட்டியை நாலு திசையிலும் இழுத்துப் பாருங்கள். அப்புறம் இழுத்துக்கொண்டே புரோகிராமின் ஜன்னலுக்கு வெளியே போய் மவுஸை விட்டுப் பாருங்கள். மூன்றாவது பிழை அங்கே காத்திருக்கும் என்று நினைக்கிறேன். விட்ட செய்தி உங்கள் புரோகிராமுக்கு வந்து சேராமல், திரும்பி உள்ளே வந்தால் பெட்டி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். வைவாவில் வெளி எக்ஸாமினர் கண்டுபிடிப்பதற்குள் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எடிட்டரில் ஒரு வில்லாளியை வைத்தால் ஒருவன்தான் தெரிகிறான். அவனை அழித்தால் அடியில் இன்னொருவன் நிற்கிறான். எல்லா இடத்திலும் இல்லை, பத்துக்கு இரண்டு மூன்று. பேய் வேலை மாதிரி இருக்கிறது.
– ப்ளஸ் டூ மாணவர், தென்காசி

பதில்: பேய் மவுஸுக்குள் இருக்கிறது. ஏதாவது ஒரு ஃபோல்டரை ஒரே ஒரு தடவை கிளிக் செய்து பாருங்கள். பத்துக்கு இரண்டு தடவை அதுவாகவே திறந்துகொண்டால் நான் சொன்னது சரி.

இடது பட்டனுக்கு அடியில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு. அழுத்தினால் டிக் என்று தொட்டு நிற்க வேண்டும். லட்சக்கணக்கில் அழுத்தி அழுத்தித் தகடு தளர்ந்து போனால், ஒரு தடவை தொடுவதற்குப் பதில் தொட்டு, எகிறி, மறுபடி தொடும். கண் இமைக்கிற நேரத்துக்குள் இரண்டு கிளிக். வேர்டில் டைப் அடிக்கும்போது இது தெரியாது. எடிட்டரில் இரண்டாவது வில்லாளி முதலாமவன் தலை மேலேயே வந்து நிற்பான், உருவம் ஒன்றாகத்தான் தெரியும்.

வேறு மவுஸ் மாட்டி வேலையைத் தொடருங்கள். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் வழுக்குவதற்காக ஒட்டியிருக்கும் பட்டையை உரித்தால் ஸ்க்ரூ தெரியும். சுவிட்சைச் சால்டரிங்கில் எடுத்துவிட்டு, வேறொரு செத்த மவுஸிலிருந்து அதிகம் உழைக்காத நடு பட்டன் சுவிட்ச் அளவு ஒத்துவந்தால் அதைப் போடலாம். என்னிடம் அப்படிப் பிழைத்த மவுஸ் மூன்று ஓடுகிறது. ஏற்கெனவே இரட்டையாக நிற்கும் வில்லாளிகளுக்குக் குறுக்கு வழி கிடையாது. ஒவ்வொருவனையும் கொஞ்சம் நகர்த்தினால் அடியில் இருப்பவன் தெரிவான்.

கேள்வி: 0 ஏ.டி. என்ற இலவச ஆட்டத்தில் மௌரியர் கோட்டை ஒன்றை அமைத்தேன். ஒரு யானை கோட்டைக் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டது. எங்கே தொட்டாலும் கோட்டைதான் தேர்வாகிறது. கோட்டையை நகர்த்தினால் அலங்காரமெல்லாம் கலைந்துவிடும்.
– தையற்கலைஞர், சேலம்

பதில்: உங்களுக்கு அதிர்ஷ்டம் அண்ணே. அது எல்லாரும் திறந்து பார்க்கலாம் என்று புரோகிராம் கோடையே வெளியில் வைத்திருக்கிற ஆட்டம். அதன் எடிட்டருக்குப் பெயர் அட்லஸ். அது மேப்பை இரண்டு ஃபைலாக எழுதுகிறது: தரையின் மேடு பள்ளம் ஒன்றில், ஆட்களும் கட்டடங்களும் இன்னொன்றில். இரண்டாவது எக்ஸ்எம்எல் ஃபைல், நோட்பேடில் திறந்தாலே வாசிக்கலாம்.

முதல் வேலை, இரண்டையும் காப்பி எடுத்து வேறிடத்தில் வைப்பது. பிறகு எக்ஸ்எம்எல்லைத் திறந்தால் ஒவ்வோர் ஆளுக்கும் 'என்டிட்டி' என்று ஒரு பத்தி, அதில் அவனுக்கான எண், என்ன வகை, எந்த ஆட்டக்காரருடையவன், எங்கே நிற்கிறான் என்று இருக்கும். இடத்துக்கு எக்ஸ், இசட் என்று இரண்டு எண்கள். எலிஃபன்ட் என்று தேடி, கோட்டையின் எண்களுக்குப் பக்கத்து எண்கள் யாருக்கு இருக்கின்றன என்று பாருங்கள். அதுதான் உங்கள் யானை. எக்ஸ் எண்ணில் ஐம்பதைக் கூட்டி சேவ் செய்து, மேப்பைத் திரும்பத் திறங்கள். யானை வெளியே நிற்கும். இன்னும் சுவருக்குள்ளேயே தும்பிக்கை மாட்டியிருந்தால் இன்னொரு ஐம்பது. துணியில் சாக்பீஸ் கோடு தள்ளிப் போடுகிற மாதிரிதான்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் ஆட்டம்கூட ஆடுவதில்லை, அதன் எடிட்டரிலேயே உட்கார்ந்து ஏதோ அடுக்கிக்கொண்டிருக்கிறான். இதில் பிரயோஜனம் உண்டா?
– இல்லத்தரசி, ஈரோடு

பதில்: வார்கிராஃப்ட் 3 ஆட்டத்தோடு வந்த எடிட்டரில் ஒருவர் 2003ல் உட்கார்ந்து அடுக்கிய மேப்தான் டோட்டா. அதிலிருந்து கிளைத்த ஆட்டங்களுக்கு இன்று உலகம் முழுக்கப் போட்டிகள் நடக்கின்றன. உங்கள் மகன் எழுதுகிற ட்ரிகரும், "இது நடந்தால் அதைச் செய்" என்கிற அசல் புரோகிராம்தான். இதெல்லாம் சரி அம்மா, ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று எழுதவில்லையே? அதை எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.